ஆஷா சிஸ்டரும் ஒன்றரை ஷிஃப்ட் வலியும்

தப்புக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகக் குவாலிட்டி பார்க்கிறேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். டெய்லர்களுக்கு என்னைப் பிடிக்காது. என் முதுகுக்குப் பின்னால் 'ஸ்டிக்கர் சிவராஜ்' என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒட்டி ஒட்டிப் பழகிய கண், மனிதர்களைப் பார்த்தாலும் எங்கே ஒட்டலாம் என்றே தேடுகிறது. என் மனைவி நிர்மலாவைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வாள்.

அப்படிப்பட்ட நான் வாயடைத்து நின்றது ஒரே ஒருவர் முன்னால்தான். அவர் ஆஷா சிஸ்டர். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. புற்றுநோய் முற்றி வீட்டோடு கிடப்பவர்களைத் தேடிப்போய் வலிக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு சிறிய குழுவில் நர்ஸ். பழைய ஸ்கூட்டர், அதன் முன்னால் தொங்கும் நீலப் பை, மாட்டிய தலையைவிடப் பெரிதாகத் தெரியும் ஒரு ஹெல்மெட். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. சில நாள் வெள்ளகோவில் வரைக்கும் போய்த் திரும்புவார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது என் அம்மாவுக்காக. அம்மா பெயர் குழந்தையம்மாள். இருபத்து நான்கு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவர். மார்பில் வந்த கட்டியைக் கோவையில் அறுத்து எடுத்தோம், ஊசி போட்டோம், ரேடியேஷன் என்கிற கரண்ட் வைத்தோம். மூன்றாவது வருடம் அது முதுகெலும்பில் போய் உட்கார்ந்துகொண்டது. இனி வைத்தியம் நோய்க்கு இல்லை, வலிக்கு மட்டும்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மாவால் படுக்க முடியவில்லை. சுவரோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் இரவும் பகலும். ஒரு தடவையாவது அவர் முதுகை நீட்டிப் படுத்துத் தூங்குவதைப் பார்த்துவிட மாட்டோமா என்பதுதான் அப்போது என் ஆசை. வேறு எதையும் நான் கேட்கவில்லை.

எங்கள் வீடு அனுப்பர்பாளையத்தில். பக்கத்துச் சுவர் பாத்திரப் பட்டறை. காலை முதல் மாலை வரை தவலையும் குடமும் தட்டுகிற சத்தம் ஓயாது. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் இரண்டு மணிக்கு மறுபடி ஆரம்பிக்கும். பிறந்ததிலிருந்து கேட்பதால் எங்கள் காதுக்கு அது சத்தமே இல்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து 'வாங்க' என்று சொல்லாமல் விட்டால் அது கொலைக் குற்றத்துக்கு ஒரு படிதான் கீழே. ஒரு கல்யாணத்தில் தன்னை யாரும் வாங்க என்று சொல்லவில்லை என்பதற்காக என் மாமா ஒருவர் பதினோரு வருடம் எங்களோடு பேசாமல் இருந்தார். அம்மாவுக்கு அந்த மரியாதை ரத்தத்தில் ஊறியது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் கலைந்த முடியை ஒதுக்குவார். சேலை முந்தானையைச் சரிசெய்வார். நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டே, "வாங்க கண்ணு, வெயில்ல வந்துருக்கறீங்க, உக்காருங்க. நிர்மலா, சிஸ்டருக்கு மோர் கொண்டா" என்பார்.

ஆஷா சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுப்பார். அதில் வரிசையாக ஆறு முகங்கள் வரைந்திருக்கும். சிரிக்கிற முகத்துக்குக் கீழே பூஜ்யம், கண்ணீர் விடுகிற முகத்துக்குக் கீழே பத்து.

"இதுல உங்க வலி எந்த முகம்மா?"

அம்மா அட்டையைக் கையில் வாங்கிப் பெண் பார்க்கிற மாதிரி பார்த்தார். இரண்டாவது முகத்தைத் தொட்டார். "இந்தப் புள்ள லட்சணமா இருக்குது கண்ணு. எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கறேன்."

இரண்டாவது முகத்துக்குக் கீழே இருந்த எண் இரண்டு. சிஸ்டர் நோட்டில் இரண்டு என்று எழுதினார். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவர்கள் குழுவின் டாக்டர் மாத்திரை எழுதுவார். இரண்டு என்றால் சாதாரண வலி மாத்திரை போதும். வாரம் இரண்டு முறை, மூன்று வாரம், ஆறு தடவையும் இரண்டுதான். நானும் பக்கத்தில் நின்று, பரவாயில்லை, வலி கட்டுக்குள் இருக்கிறது என்று நிம்மதிப்பட்டேன். ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண் என்று பீற்றிக்கொண்டேனே, அந்தக் கண்தான்.

ஏழாவது தடவை அவர் வந்த அன்று நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். சிஸ்டர் வழக்கம்போல எழுதிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வரை போனவர் ஹெல்மெட்டை மறந்துவிட்டோம் என்று திரும்பி வந்தார். அதற்குள் மணி ஒன்று. பட்டறை நின்றிருந்தது. நான் முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் அம்மாவின் அறைக்குள் போனார். போனவர் வெளியே வரவில்லை.

"அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க."

எச்சில் கையோடு போனேன். அம்மா சுவரில் தலையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன. வாய் நிறையப் பனியன் துணி. வண்டி துடைக்க நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த வேஸ்ட் துணி அது. அதைக் கடித்துக்கொண்டிருந்தார். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. பட்டறை ஓடும்போது முனகினால் யாருக்கும் கேட்காது. பட்டறை நின்றால் கேட்டுவிடும். அதனால் ஒரு மணிக்கும் மாலையில் பட்டறை மூடிய பிறகும் துணி. இது எத்தனை நாளாக நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில்தான் இருந்தேன்.

அம்மா கண்ணைத் திறந்தார். எங்களைப் பார்த்தார். துணியை வாயிலிருந்து எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார்.

"வாங்க கண்ணு. எதாச்சு மறந்துட்டீங்களா?"

எவ்வளவு பெரிய பொறுமை அது, எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனமும்கூட. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. யார் மேல் கோபம் என்று தெரியாமல் நின்றேன்.

ஆஷா சிஸ்டர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு போனை எடுத்து, எங்கள் இருவர் எதிரிலேயே டாக்டரைக் கூப்பிட்டார். "சார், குழந்தையம்மாள் அம்மாவுக்கு நான் மூணு வாரமா ரெண்டுன்னு எழுதியிருக்கேன். அது தப்பு சார். இவங்களுக்கு வலி ரொம்ப இருக்கு. நான்தான் சரியாப் பாக்கல. நீங்க நேர்ல வரணும்."

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ டெய்லர்களைப் பார்த்திருக்கிறேன், மாஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன். மெஷின் சரியில்லை என்பார்கள், நூல் சரியில்லை என்பார்கள், லைட் போதவில்லை என்பார்கள். தன் வேலையில் தானே அம்பு ஒட்டிக் காட்டியவரை நான் பார்த்ததே இல்லை.

போனை வைத்துவிட்டு அவர் என்னிடம் சொன்னதையும் சொல்ல வேண்டும். அவருக்குப் பூர்வீகம் சாத்தான்குளம் பக்கம். பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்தவர். அப்பா சகாயராஜ் சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். அவருக்கும் வயிற்றில் புற்றுநோய். "எங்க அப்பா வலின்னா தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துவாவ. ஆம்பள இப்படிக் கத்தலாமான்னு ஆஸ்பத்திரியில ஏசினாங்க. அதைப் பாத்துத்தான் நான் நர்சுக்குப் படிச்சேன். கத்துறவங்களை யாரும் ஏசக்கூடாதுன்னு நெனச்சேன். ஆனா கத்தாதவங்களுக்கும் வலிக்கும்னு எனக்கு உறைக்கவே இல்ல அண்ணே."

அடுத்த நாள் டாக்டரோடு வந்தபோது சிஸ்டர் நாற்காலியைத் தொடவில்லை. மோரும் வேண்டாம் என்றுவிட்டார். நிர்மலா அவரைக்காயும் முறமுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலிருந்த முறத்தை வாங்கிக்கொண்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நார் உரிக்க ஆரம்பித்தார். டாக்டர் வாசலில் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். என் காது முழுக்க உள்ளேதான்.

"கம்பெனியில எத்தனை ஷிஃப்ட் பாப்பீங்கம்மா?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. "எப்பவும் ஒண்ணரை கண்ணு. ஷிப்மெண்ட் இருந்தா ரெண்டு. சில நாள் விடிய விடிய ஓடும்."

திருப்பூரில் வேலையை மணிக்கணக்கில் யாரும் சொல்ல மாட்டார்கள். காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை ஒரு ஷிஃப்ட். ராத்திரி ஒன்பது வரை நின்றால் ஒன்றரை. ஒரு மணி வரை என்றால் இரண்டு.

சிஸ்டர் ஒரு காயை உரித்துப் போட்டுவிட்டுக் கேட்டார். "நேத்து வலி எத்தனை ஷிஃப்ட் பாத்துச்சு?"

அம்மா மேலே பார்த்து யோசித்தார். கணக்குக் கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டும் அவருக்கு. "ரெண்டு ஷிஃப்ட் பாத்துச்சு கண்ணு. பொறவு விடிய விடியவும் ஓடுச்சு. மத்தியானம் சோத்து நேரத்துலகூட மெஷினை நிறுத்தறதில்ல."

மூன்று வாரம் அட்டையைக் காட்டிக் கேட்டும் வராதது ஒரு முறம் அவரைக்காய்க்கு நடுவில் வந்துவிட்டது. வலிக்கிறது என்று சொன்னால் அது முறையிடுவது, வந்தவர் மனதைச் சங்கடப்படுத்துவது. ஷிஃப்ட் சொல்வது அப்படி இல்லை, அது வெறும் வேலை விவரம். அம்மாவின் மனசுக்குள் இருந்த இந்தக் கதவை நாற்பது வருடம் மகனாக இருந்த எனக்குத் தெரியவில்லை. ஏழு தடவை வந்தவர் கண்டுபிடித்துவிட்டார். ஆச்சரியமா பொறாமையா என்று பிரிக்க முடியாத ஒன்று எனக்குள் ஏறியது.

டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதினார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு ஆறு வேளை, வலி வந்தாலும் வராவிட்டாலும் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். வயிறு கட்டிக்கொள்ளும் என்பதால் அதற்கும் ஒரு மாத்திரை. சிஸ்டர் பெரிய எழுத்தில் நேரங்களை எழுதிப் பீரோவில் ஒட்டினார். நிர்மலாவிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

மார்ஃபின் என்ற பெயரை எங்கள் வீட்டில் ஏற்கனவே கேட்டிருந்தோம். என் பெரியப்பா அங்கமுத்துவுக்கு ஆஸ்பத்திரியில் அதைக் கொடுத்த மூன்றாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார். அது கடைசி மருந்து, கொடுத்தால் அவ்வளவுதான் என்று எங்கள் சொந்தத்தில் பேச்சு. பழகிவிட்டால் போதைதான் என்றும் சொன்னார்கள். நான் மாத்திரையைத் தூக்கி எறியவில்லை. அதைவிடச் சாமர்த்தியமாக ஒன்று செய்தேன். நிர்மலாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா வலின்னு கேட்டா மட்டும் குடு, சும்மா சும்மா குடுக்காத" என்றேன். அம்மா வாயைத் திறந்து கேட்கவே மாட்டார் என்பது தெரிந்துதான் சொன்னேன்.

மூன்று நாள் கழித்து சிஸ்டர் வந்தார். மணி பன்னிரண்டே முக்கால். "எத்தனை ஷிஃப்ட்மா?" என்று கேட்டார். "ஒண்ணரை இருக்கும் கண்ணு" என்றார் அம்மா. சிஸ்டர் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் காலியாகியிருக்க வேண்டும். மனசு கேட்காமல் நிர்மலா கொடுத்த ஐந்துதான் குறைந்திருந்தது. நிர்மலா தலையைக் குனிந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பார்த்தாள். எனக்கே பொறுக்கவில்லை.

"நான்தானுங்க சிஸ்டர். கேட்டாக் குடு போதும்னு சொல்லிட்டேன். எங்க பெரியப்பா அது குடுத்த மூணாம் நாளே போயிட்டாருங்க. அம்மாவும் போயிருவாங்கன்னு பயமா இருந்துச்சுங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவர் என்னை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"அம்மா, இந்த மருந்து உங்களுக்கு வேணுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க."

அம்மா என்னைப் பார்த்தார். "பையன் பயப்படறான் கண்ணு. அவன் பயப்படாத இருந்தாச் சரி."

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மூன்று நாளாக என் பயத்தையும் சேர்த்து அவர்தான் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சிஸ்டர் தண்ணீரை எடுத்து அந்த வேளை மாத்திரையை அம்மாவுக்குக் கொடுத்தார். பிறகுதான் என்னிடம் பேசினார். "அண்ணே, உங்க பெரியப்பாவை நோய்தான் கொண்டு போச்சு. மருந்து கடைசியில வந்ததால பழி அது மேல விழுந்துட்டு. வலிக்குன்னு அளவாக் குடுத்தா அது போதையாவும் ஆகாது. இப்போ குடுத்தது வேலை செய்ய அரை மணி, முக்கா மணி ஆகும். அதுவரைக்கும் அம்மா பக்கத்துல உக்காருங்க. துணிக்குப் பதிலா உங்க கையைக் குடுங்க."

உட்கார்ந்தேன். அம்மா என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி ஆனது. பட்டறை நின்றது. அதுவரை காதில் விழாத அந்தச் சத்தம் அம்மாவின் தொண்டையிலிருந்து வந்தது. என் விரல்கள் நொறுங்கிவிடும் போல ஒரு பிடி. எலும்பும் தோலுமான கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. ஐந்து நிமிடம் தாங்குவதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. அம்மா இதை இரண்டு ஷிஃப்ட் பார்த்திருக்கிறார். சிஸ்டர் எதிரில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் போக வேண்டிய வீடுகள் இன்னும் இருந்தன. போன் அடித்தது, எடுக்கவில்லை.

ஒன்றரை மணி வாக்கில் பிடி கொஞ்சம் தளர்ந்தது. நான் நம்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு விரலாக விட்டார். நெற்றிச் சுருக்கம் போனது. பட்டறை இன்னும் ஆரம்பிக்கவில்லை, வீடு நிசப்தமாக இருந்தது, அந்த நிசப்தத்தில் அம்மா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. இவ்வளவு சின்ன மாத்திரைக்குள் இவ்வளவு பெரிய காரியமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கோயிலில் கதவு திறக்கிறபோது கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அப்படிப் போட்டுக்கொள்ளத் தோன்றியது. எழுந்து போய் நான்கு வேளைக்கு என் போனில் அலாரம் வைத்தேன். ராத்திரியில் வரும் மீதி இரண்டு வேளையையும் சிஸ்டர் ஞாபகப்படுத்தினார்.

அதற்கடுத்த வியாழக்கிழமையை நான் மறக்க மாட்டேன். மதியம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சிஸ்டர் படியேறினார். அம்மாவின் அறையிலிருந்து வாங்க என்ற குரல் வரவில்லை. அவர் வேகமாக உள்ளே போய் அறை வாசலிலேயே நின்றார். நானும் பின்னால் போனேன். அம்மா முதுகை நீட்டிப் படுத்திருந்தார். அடுக்கி வைத்த தலையணைகள் எல்லாம் ஓரமாகக் கிடந்தன. வாய் லேசாகத் திறந்திருக்க, குறட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார். நான் சிஸ்டரை வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் உதட்டில் விரலை வைத்தார். எங்கள் வீட்டில் ஒருவரை வாங்க என்று யாருமே சொல்லாமல் விட்டது அன்றுதான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார், சிரித்துக்கொண்டும் இருந்தார்.

அம்மா அதற்குப் பிறகு பதினோரு வாரம் இருந்தார். மருந்தின் அளவை இரண்டு தடவை கூட்டினார்கள். டிவி பார்த்தார், நான் வைத்த ரசத்தைக் குறை சொன்னார், நிர்மலாவுக்குப் பூத் தொடுத்துக் கொடுத்தார். ஒரு நாள் சிஸ்டர் கேட்பதற்கு முன்னாலேயே, "இன்னிக்கி வலிக்குது கண்ணு" என்றார். ஷிஃப்ட் எதுவும் சொல்லவில்லை. எழுபது வயதில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அன்றுதான் கேட்டேன்.

தூக்கத்திலேயே போனார், படுத்த வாக்கில்.

மறுநாள் காலை வாசலில் பந்தல் போட்டுச் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. ஸ்கூட்டர் தெருமுனையிலேயே நின்றது. ஆஷா சிஸ்டர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தார். சாவு வீட்டுக்கு வருகிறவர்களை யாரும் வாங்க என்று சொல்லக் கூடாது. அது எங்கள் ஊருக்கே தெரிந்த முறை. பதினோரு வருடம் பேசாமல் இருந்த மாமாவும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

சிஸ்டர் பந்தலுக்குள் வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"வாங்க சிஸ்டர்" என்றேன்.

மாமா நிமிர்ந்து என்னை முறைத்தார். பெண்கள் பக்கம் சலசலப்பு. சொல்ல வேண்டியவர் உள்ளே நீட்டிப் படுத்திருந்தார், அதனால் நான் சொன்னேன்.